ஏ.ஏ.சி.எஸ். சாவி எண் சர்ச்சை

ஏ.ஏ.சி.எஸ். சாவி எண் சர்ச்சை என்பது எச்டி டிவிடி, புளூ-ரே திரைப்பட வட்டுகளின் பூட்டைத் திறக்க உதவிய ஓர் எண்ணை இணையத்தில் வெளியிடுவது குறித்து 2007இல் அமெரிக்காவில் எழுந்த தகராறு. பூட்டை நிர்வகித்த தொழில்துறை அமைப்பு, எண்ணை வெளியிட்ட தளங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. நோட்டீசை ஏற்றுப் பதிவுகளை நீக்கிய ‘டிக்’ என்னும் செய்திப் பகிர்வுத் தளத்துக்கு எதிராக அதன் பயனர்களே மே 1 அன்று திரண்டனர். அன்றிரவே தளம் பின்வாங்கியது. ஓர் எண்ணைச் சட்டவிரோதம் ஆக்க முடியுமா என்ற கேள்வியோடுதான் இந்தச் சம்பவம் இன்றும் நினைவில் நிற்கிறது. ஆனால் அந்த எண் பிப்ரவரி முதலே வெளியில் இருந்தது. முதல் நோட்டீஸ் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதுவரை இல்லாத கலகம், தளத்தில் பதிவுகள் காணாமல் போகத் தொடங்கியபோதுதான் மூண்டது.

பூட்டின் அமைப்பு

முந்தைய தலைமுறை டிவிடி வட்டுகளைக் காத்தது சி.எஸ்.எஸ். என்ற பூட்டு. அதன் சாவிகள் 40 பிட் நீளமே உள்ளவை. 1999இல் நார்வேயின் பதின்வயது இளைஞர் யோன் லெக் யோஹான்சன் வெளியிட்ட டிசிஎஸ்எஸ் நிரலோடு அந்தப் பூட்டின் கதை முடிந்தது. புழக்கத்தில் இருந்த கோடிக்கணக்கான டிவிடி கருவிகளை மாற்ற முடியாது என்பதால் பூட்டையும் மாற்ற முடியவில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், பானசோனிக், சோனி, தோஷிபா, டிஸ்னி, வார்னர் பிரதர்ஸ் ஆகிய எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஏ.ஏ.சி.எஸ். முறையை வகுத்தன. 2006இல் சந்தைக்கு வந்த எச்டி டிவிடி, புளூ-ரே இரண்டுமே இதைப் பயன்படுத்தின. தரத்தில் போட்டியிட்ட இரு முகாம்களுக்கும் பூட்டு மட்டும் பொதுவாக இருந்தது.

இதில் சாவிகள் 128 பிட் நீளமானவை. அதைவிட முக்கியம், கசிந்த சாவியைச் செல்லாததாக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கொத்து சாவிகள் தரப்படும். ஒவ்வொரு வட்டிலும் ஒரு சாவித் தொகுதி பதிக்கப்பட்டிருக்கும். கருவி தன் சாவிகளைக் கொண்டு அந்தத் தொகுதியைப் படித்து ‘செயலாக்கச் சாவி’ ஒன்றைப் பெறும். அதிலிருந்து ஊடகச் சாவி. அதனுடன் அந்த வட்டின் அடையாள எண்ணைச் சேர்த்தால் வட்டுக்கான சாவி. கடைசியில் படத்தின் சாவி. ஏதேனும் ஒரு கருவியின் சாவி வெளியே போய்விட்டால், அடுத்து அச்சிடும் வட்டுகளில் சாவித் தொகுதியை மாற்றினால் போதும், அந்தக் கருவி புதிய படங்களைத் திறக்காது. ஏற்கெனவே விற்றுப்போன வட்டுகளை மட்டும் திரும்பப் பூட்ட முடியாது.

கணிதத்தில் இந்தப் பூட்டுக்கு ஓட்டை இருக்கவில்லை. ஓட்டை இருந்த இடம் கணினி. படத்தைக் காட்ட வேண்டுமென்றால் இயக்கி மென்பொருள் சாவியைக் கணினியின் நினைவகத்தில் எங்காவது வைத்தாக வேண்டும். அந்தக் கணினியோ வாடிக்கையாளருக்குச் சொந்தமானது. யாரிடமிருந்து மறைக்க வேண்டுமோ அவருடைய மேசையிலேயே சாவி இருந்தது.

முஸ்லிக்ஸ்64 என்ற புனைபெயர்க்காரர் 2006 டிசம்பர் 26 அன்று டூம்9 என்ற தொழில்நுட்ப மன்றத்தில் தம் நிரலை வெளியிட்டார். காசு கொடுத்து வாங்கிய எச்டி டிவிடி, தம்முடைய கணினித் திரை குறிப்பிட்ட பாதுகாப்பு வசதியைக் கொண்டிருக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஓட மறுத்ததே தம்மைத் தூண்டியது என்று அவர் பின்னர் சொன்னார். அவருடைய வழியில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகச் சாவி தேட வேண்டியிருந்தது. 2007 பிப்ரவரி 11 அன்று அதே மன்றத்தில் ஆர்னெசாமி என்ற புனைபெயரில் இன்னொருவர், மென்பொருள் வட்டைப் படிக்கும்போது நினைவகத்தில் நிகழும் மாற்றங்களைக் கவனித்துச் செயலாக்கச் சாவியையே எடுத்துவிட்டார். அதுவரை எந்தக் கருவியும் விலக்கப்படாததால், அன்று வரை வெளிவந்த வட்டுகள் அனைத்துக்கும் அந்த ஒரே சாவி பொருந்தியது.

சர்ச்சைக்குரிய எண் இதுதான். பதினறும முறையில் 32 இலக்கம், நாம் எண்ணும் பதின்ம முறையில் 38 இலக்கம். வங்கி லாக்கர் இரண்டு சாவிக்குத் திறப்பதுபோல, இந்த எண்ணோடு வட்டின் அடையாள எண்ணும் சேர்ந்தால்தான் படம் திறக்கும். அதற்குத் தகுந்த நிரலும் வேண்டும். மே மாதம் இந்த எண்ணைச் சட்டையில் அச்சடித்து அணிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதை வைத்து ஒரு படத்தையும் திறக்கத் தெரிந்திருக்காது.

சட்டத்தின் நிலை

1998இல் அமெரிக்கா இயற்றிய டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201ஆம் பிரிவு, பதிப்புரிமைப் படைப்பைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையும், உடைப்பதற்கான கருவியையோ அதன் பாகத்தையோ பிறருக்கு வழங்குவதையும் தடை செய்கிறது. 2007 ஏப்ரல் 17 அன்று கூகுளுக்குச் சென்ற நோட்டீஸ் இந்தப் பிரிவைத்தான் நாடியது. எண் தனக்குச் சொந்தமான படைப்பு என்று ஏ.ஏ.சி.எஸ். அமைப்பு கோரவில்லை. அது பூட்டுடைக்கும் கருவியின் பாகம் என்பதே அதன் வாதம். இணையத்தில் அனல் பறந்த விவாதங்களில் பாதிக்கு மேல் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமலே நடந்தன. எண்ணுக்கு எவனும் பதிப்புரிமை கோர முடியாது என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள், எதிர்த்தரப்பு சொல்லாத வாதத்தை வென்றுகொண்டிருந்தார்கள்.

சொன்ன வாதம் எளிதில் தள்ளக்கூடியதாக இல்லை. டிசிஎஸ்எஸ் நிரலை வெளியிட்ட ‘2600’ என்ற ஹேக்கர் இதழுக்கு எதிராகத் திரைப்பட நிறுவனங்கள் நியூயார்க்கில் தொடர்ந்த வழக்கில் நீதிபதி லூயிஸ் கேப்லன் 2000இல் தடை விதித்திருந்தார். நிரலை வெளியிடக் கூடாது, தெரிந்தே அதற்கு இணைப்புக் கொடுக்கவும் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. 2001இல் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நிரல் என்பது பேச்சுதான், ஆனால் அது ஒரு செயலையும் செய்கிறது, செயலைக் கட்டுப்படுத்தும் அளவுக்குச் சட்டம் தலையிடலாம் என்பது நீதிமன்றத்தின் தர்க்கம். நிரலுக்கே இந்த நிலை என்றால் எண்ணுக்கு என்ன நிலை? எண் தானாக எதையும் செய்வதில்லை என்று ஒருவர் வாதிடலாம். சாவியும்தான் தானாகத் திரும்புவதில்லை என்று மற்றவர் பதில் சொல்லலாம்.

பயனர்கள் எழுதுவதற்குத் தளம் எந்த அளவு பொறுப்பு என்பது இதைவிடக் குழப்பமானது. மேற்படி சட்டத்தின் 512ஆம் பிரிவு, புகார் வந்ததும் பதிவை நீக்கும் தளத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அது பதிப்புரிமை மீறலுக்கு எழுதப்பட்டது. பூட்டுடைப்புக் கருவிக்கும் பொருந்துமா என்பது தெளிவில்லை. தகவல்தொடர்புச் சட்டத்தின் 230ஆம் பிரிவு பிறர் எழுத்துக்குத் தளம் பொறுப்பாகாது என்று சொல்கிறது. ஆனால் அறிவுசார் சொத்துச் சட்டங்களுக்கு அதில் விலக்கு உண்டு. 1201 அந்த விலக்கில் அடங்குமா என்பது வழக்கறிஞர்கள் இரு பக்கமும் பேசக்கூடிய கேள்வி. வணிக லாபத்துக்காக வேண்டுமென்றே மீறினால் முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் டாலர் வரை அபராதமும் உண்டு. டிக் தளம் விளம்பரத்தில் பிழைத்தது. அதன் வழக்கறிஞர்கள் பயந்ததில் வியப்பில்லை.

மே 1

கெவின் ரோஸும் நண்பர்களும் 2004இல் தொடங்கிய டிக் தளத்தில் ஆசிரியர் குழு என்று ஒன்று கிடையாது. பயனர்கள் செய்தி இணைப்புகளை இடுவார்கள், மற்றவர்கள் வாக்களிப்பார்கள், வாக்கு சேர்ந்தது முகப்புக்கு ஏறும். எது செய்தி என்று முடிவு செய்வது வாசகர்களே என்பதுதான் தளம் தந்த வாக்குறுதி. அதனால் அங்கே நிர்வாகம் ஒரு பதிவை நீக்குவது, நாளிதழில் ஆசிரியர் ஒரு கடிதத்தைப் போடாமல் விடுவதற்கு ஒப்பாகாது. வாக்குப் பெட்டியில் கை வைத்ததாகவே பயனர்கள் அதைப் பார்த்தார்கள்.

எண்ணைச் சொன்ன பதிவுகள் ஆயிரக்கணக்கான வாக்குகளோடு முகப்புக்கு வந்தன, மறைந்தன. இட்டவர்களின் கணக்குகளும் சில முடக்கப்பட்டன. ஏன் என்று கேட்டு எழுதிய பதிவுகளும் மறைந்தன. தலைமைச் செயல் அதிகாரி ஜே ஆடெல்சன் பிறகுதான் விளக்கம் வெளியிட்டார்: அறிவுசார் சொத்துக்கு உரியவர்களிடமிருந்து அறிவிப்பு வந்தது, தளத்தின் விதிகளின்படி நீக்கினோம், தளம் வழக்கில் மூடப்படுவதை விரும்பவில்லை. விளக்கம் நேர்மையானதுதான். முதல் பதிவை நீக்கும்போதே அதைச் சொல்லியிருந்தால் சண்டை சட்டத்தோடு போயிருக்கக்கூடும். சந்தேகம் ஏற்கெனவே வேர்விட்டிருந்தது; ரோஸ் நடத்திய காணொளி நிகழ்ச்சிக்கு எச்டி டிவிடி தரப்பு விளம்பரதாரராக இருந்ததை யாரோ நினைவூட்ட, விலைபோய்விட்டார்கள் என்ற குற்றச்சாட்டு பரவியது. விளம்பரத்துக்கும் நீக்கத்துக்கும் தொடர்பு இருந்ததாக எவரும் நிரூபிக்கவில்லை. காரணம் சொல்லப்படாத இடத்தில் ஜனங்கள் தாங்களே ஒரு காரணத்தை வைத்துக்கொள்வார்கள்.

அன்று மாலைக்குள் டிக் தளத்தின் முகப்பு முழுவதும் அந்த எண்ணாகவே இருந்தது. தலைப்பில் எண், படத்துக்குள் எண், பின்னூட்டங்களில் எண். நீக்க நீக்க வந்துகொண்டே இருந்தது. தளமே சிறிது நேரம் முடங்கியது. இரவில் ரோஸ் தம் பதிவின் தலைப்பிலேயே எண்ணைப் போட்டு அறிவித்தார்: பெரிய நிறுவனத்துக்குப் பணிவதைவிடப் போராடி வீழ்வதையே பயனர்கள் விரும்புகிறார்கள் என்பது புரிந்தது, இனி இந்த எண் உள்ள பதிவுகளை நீக்கமாட்டோம், விளைவு எதுவானாலும் சந்திப்போம்.

வீரமான அறிவிப்பு என்று அன்று கொண்டாடப்பட்டது. பின்னால் வழக்கு எதுவும் வராததால் அந்த வீரத்தின் விலை தெரியாமலே போயிற்று. கொள்கை மாறியது வாதத்தைக் கேட்டு அல்ல, கூட்டத்தின் எண்ணிக்கையைப் பார்த்து என்பதையும் குறிப்பிட வேண்டும். அன்று வேறு செய்தி படிக்க வந்தவர்களுக்கும், நீக்கியது சரிதான் என்று நினைத்த சிறுபான்மையினருக்கும் தளத்தில் இடமே இருக்கவில்லை. அவர்கள் குரலை மூழ்கடித்ததும் ஒருவகை மட்டுறுத்தல்தான். அதற்கு மேல்முறையீடும் கிடையாது.

அதே நாளில் விக்கிப்பீடியாவும் எண்ணைப் பெயராகக் கொண்ட பக்கத்தைப் பூட்டியது. எச்டி டிவிடி பற்றிய கட்டுரையும் பூட்டப்பட்டது. அங்கும் சச்சரவு நடந்தது, ஆனால் பெருங்கலகம் ஆகவில்லை. ஏன் பூட்டினோம் என்பதை எல்லோரும் படிக்கக்கூடிய பேச்சுப் பக்கத்தில் வாதாடித் தீர்க்கும் வழக்கம் அங்கே இருந்தது.

பரவல்

எண் கூகுள் தேடலில் செவ்வாய்க்கிழமை 9,410 பக்கங்களில் கிடைத்தது. மறுநாள் காலை கிட்டத்தட்ட 3 லட்சம். வெள்ளிக்கிழமை பிபிசி சொன்ன கணக்கு ஏறக்குறைய 7 லட்சம். மறைக்க முயல்வதாலேயே ஒன்று பரவுவதற்கு மைக் மாஸ்னிக் 2005இல் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்டின் பெயரைச் சூட்டியிருந்தார். அந்த ‘ஸ்ட்ரைசாண்ட் விளைவு’க்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் அரிது.

எண்ணைப் பாட்டாக்கிப் பாடினார்கள், சட்டையில் அச்சடித்தார்கள். ஐந்து வண்ணப் பட்டைகள் கொண்ட ஒரு கொடியும் பிறந்தது: கணினியில் ஒரு வண்ணத்தைக் குறிக்க மூன்று பைட்டுகள் வேண்டும், ஆக ஐந்து வண்ணங்களில் எண்ணின் 15 பைட்டுகள் அடங்கிவிடும். மிஞ்சிய ஒரு பைட்டை மூலையில் எழுதினார்கள். கொடியைத் தடை செய்தால் வண்ணங்களைத் தடை செய்ததாகிவிடும் என்பது அதன் குறும்பு.

பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டனின் கேலி இன்னும் கூர்மையானது. இசை நிறுவனங்களின் பாதுகாப்பு முறையை ஆராய்ந்த கட்டுரைக்காக 2001இல் தாமே மிரட்டல் கடிதம் வாங்கியவர் அவர். தம் தளத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் 128 பிட் எண் ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்து, அதைக்கொண்டு ஒரு சிறு கவிதையைப் பூட்டிக் கொடுத்தார். கவிதைக்குப் பதிப்புரிமை உண்டு, எண் அதன் சாவி, ஆகவே ஏ.ஏ.சி.எஸ். வாதத்தின்படி அந்த எண் இனி அந்த நபருடையது, பிறர் வெளியிடக் கூடாது. சட்டம் அபத்தமானது என்று கத்தாமல், அந்த அபத்தத்தை எல்லோருக்கும் இலவசமாகப் பங்கிட்டுக் கொடுத்தார்.

ஏ.ஏ.சி.எஸ். தலைவர் மைக்கேல் அயர்ஸ், சிலர் எல்லை மீறிவிட்டதாகவும் தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் மே 4 அன்று பிபிசியிடம் கூறினார். சட்ட வழியைவிடத் தொழில்நுட்ப வழியே அமைப்புக்குக் கைகொடுக்கக்கூடியதாக இருந்தது. கசிந்த சாவி புதிய வட்டுகளில் செல்லாததாக்கப்பட்டது. புதிய சாவித் தொகுதியோடு மே 22 அன்று ‘மேட்ரிக்ஸ்’ மூன்று படத் தொகுப்பு கடைக்கு வரவிருந்தது. மே 17 அன்றே, கடைக்கு வருமுன் கிடைத்த ஒரு வட்டிலிருந்து அதுவும் உடைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. மே 30 அன்று புதிய செயலாக்கச் சாவியை யாரோ ஃபெல்டனின் வலைப்பதிவில் பின்னூட்டமாக இட்டுவிட்டுப் போனார்கள். இம்முறை கலகம் எதுவும் இல்லை. எவரும் அதை அழிக்க முயலவில்லை, எனவே எவரும் அதைப் பாடவுமில்லை.

பிற்காலம்

2008 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் எச்டி டிவிடியைக் கைவிட்டது. பிப்ரவரி 19 அன்று தோஷிபாவும் ஒதுங்கிக்கொண்டது. காரணம் சந்தைப் போட்டி, கசிந்த எண் அல்ல. வெற்றிபெற்ற புளூ-ரேயும் அதே ஏ.ஏ.சி.எஸ். பூட்டோடுதான் தொடர்ந்தது. 1201ஆம் பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரைப்படி சில வகைப் பயன்பாடுகளுக்கு விலக்கு அளிக்கப்படுகிறது. பூட்டை உடைப்பவருக்குக் கிடைக்கும் அந்த விலக்கு, உடைக்கும் கருவியை வழங்குபவருக்குப் பொருந்தாது.

டிக் தளம் 2010 ஆகஸ்டில் தன் வடிவமைப்பை மாற்றியபோது பயனர்கள் மறுபடி கிளர்ந்தார்கள். இம்முறை முகப்பை நிரப்பியது எண் அல்ல. போட்டித் தளமான ரெடிட்டின் இணைப்புகள். பெருந்தொகையானோர் அங்கேயே குடிபெயர்ந்தனர். 2012 ஜூலையில் டிக் பீட்டாவொர்க்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.