ஆளற்ற பாலைவனமா? ‘லாட்லான்டீட்’ திரைப்படம் மறைத்த மக்கள்

சகாராவின் நடுவே மறைந்து கிடக்கும் ஒரு ராஜ்ஜியம், அதை ஆளும் அழகிய அரசி. இதுதான் 1921இல் வெளியான ‘லாட்லான்டீட்’ என்ற பிரெஞ்சு மௌனப் படத்தின் கரு. பியேர் பெனுவா 1919இல் எழுதிய நாவலை ழாக் ஃபெய்டர் படமாக்கினார். ஸ்டூடியோ மணலை நம்பாமல் அல்ஜீரியப் பாலைவனத்துக்கே சென்று பல மாதங்கள் படம்பிடித்தார். படம் பெரும் வெற்றி பெற்றது. 1932இல் ஆஸ்திரிய இயக்குநர் பாப்ஸ்ட் இதே கதையை மீண்டும் எடுத்தார்.

கதையில், இரண்டு பிரெஞ்சு ராணுவ அதிகாரிகள் ஹோகர் மலைப்பகுதியில் சிறைபிடிக்கப்பட்டு, ஆன்டினியா என்ற அரசியிடம் கொண்டுசெல்லப்படுகிறார்கள். கடலில் மூழ்கியதாகக் கிரேக்கர் சொன்ன அட்லான்டிஸின் வாரிசு அவள். தன்னிடம் மயங்கியவர்களைச் சாகவிட்டு, உடல்களை மண்டபத்தில் வரிசையாக வைத்திருப்பாள். அவள் தூண்டுதலால் ஒரு அதிகாரி தன் நண்பனையே கொல்கிறான்.

இது வெறும் கற்பனைதானே என்று நாம் கடந்துவிடலாம். ஆனால் ஹோகர் கற்பனை நிலமல்ல. அது துவாரெக் முஸ்லிம்களின் தாயகம். ஆண்கள் முகத்திரை அணியும் இம்மக்களுக்கு ‘திஃபினாக்’ என்ற சொந்த எழுத்து உண்டு. தின் ஹினான் என்ற பெண்ணைத் தங்கள் மூதாதை அரசியாகப் போற்றுகிறார்கள். அவருடையதாகக் கருதப்படும் கல்லறை, அபலெஸ்ஸாவில் 1925இல் தோண்டப்பட்டது. இத்தகைய வரலாறு உள்ள மண்ணில்தான் படம் ஒரு கிரேக்கப் புராணத்தைக் குடியேற்றியது. மண்ணின் மக்களோ அதில் வழிகாட்டிகளாகவும் ஏவலாட்களாகவும் சுருங்கிப்போனார்கள்.

1830இல் அல்ஜீரியாவை ஆக்கிரமிக்கத் தொடங்கிய பிரான்ஸ், 1902இல் ‘தீத்’ என்ற இடத்தில் ஹோகர் துவாரெக்குகளைத் தோற்கடித்தது. படம் வந்தது அதற்கு 19 ஆண்டுகள் கழித்து. சகாரா ஆளற்ற நிலம் என்ற எண்ணம் திரையோடு நிற்கவில்லை. 1961 முதல் 1966 வரை இதே ஹோகர் மலைகளுக்குள் பிரான்ஸ் 13 நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. 1962 மே 1 அன்று நடந்த சோதனையில் கதிரியக்கம் வெளியே கசிந்தது. அந்த ஆண்டு ஜூலையில்தான் அல்ஜீரியா விடுதலை பெற்றது. விடுதலைக்குப் பிறகும் சோதனைகள் தொடர்ந்தன.

முஸ்லிம் நாடுகளின் பாலைவனங்களை மர்ம உலகமாகக் காட்டும் படங்கள் இன்றும் வருகின்றன. அவற்றைப் பார்க்கும்போது, அந்த மணலில் வாழும் மக்கள் எங்கே என்று நாம் கேட்டாக வேண்டும்.