வீட்டு பேட்டரியும் மின்மானி இணைப்பும்: ஒரு வரலாறு

சூரியத் தகடும் பேட்டரியும் உள்ள வீட்டில், பொது மின்கட்டமைப்பின் கம்பி உள்ளே நுழையும் இடத்தில் ஒரு மின்மானி பொருத்தப்படுகிறது. மின்சாரம் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்பதை அது நொடிக்கு நொடி பேட்டரிக்குச் சொல்கிறது. வந்தால் பேட்டரி தன் மின்சாரத்தை விடும், போனால் சேர்த்துக்கொள்ளும். இந்தச் செய்தி நின்றால் என்ன செய்வதென்று பேட்டரிக்குத் தெரியாது.

மின்மானி இந்த வேலைக்காகப் பிறந்ததல்ல. 1889இல் புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் தொழிற்சாலையில் ஒட்டோ பிளாத்தி உருவாக்கிய மாறுமின்னோட்ட மானியும், பின்னர் வந்த சுழல்தட்டு மானிகளும் கட்டணம் கணக்கிடவே பயன்பட்டன. எப்போதாவது ஒருவர் வந்து எண்ணைக் குறித்துச் சென்றால் போதுமாக இருந்தது.

இந்நிலை மாறியதற்கு ஜெர்மனி நல்ல சான்று. அங்கு 2000ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 99 பெனிக் விலை தந்தது. அந்த விலையில் முழுவதையும் விற்பதே லாபம்; சேமிக்க யாருக்கும் தேவை எழவில்லை. புதிய அமைப்புகளுக்கான விலை படிப்படியாகக் குறைந்து, 2012 அளவில் வீட்டார் வாங்கும் விலைக்கும் கீழே இறங்கியது. 2013 மே மாதத்தில் அரசு வங்கியான கேஎஃப்டபிள்யூ பேட்டரிகளுக்கு உதவித்தொகை அளிக்கத் தொடங்கியது. சூரியத் தகடுகளின் திறனில் 60 விழுக்காட்டுக்கு மேல் வெளியே அனுப்பக் கூடாது என்பது நிபந்தனை. வீட்டில் அந்த நேரத்தில் எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்தால்தான், உற்பத்தியை வீணே குறைக்காமல் அந்த வரம்புக்குள் நிற்க முடியும். மானியின் எண் உடனுக்குடன் தேவைப்பட்டது இப்படித்தான்.

மானி எந்த மொழியில் பேசுவது? புதிதாக ஒன்றை உருவாக்காமல், பலர் ஆலைகளில் இருந்த மோட்பஸ் நெறிமுறையை எடுத்துக்கொண்டனர். அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் 1979இல் தன் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக வெளியிட்டது அது. முதலில் தொடர்கம்பிகளில் ஓடியது. பின்னர் ஈதர்நெட் வலையமைப்புக்கு ஏற்ப மாற்றப்பட்டு, 502ஆம் துறை எண்ணைப் பெற்றது. எளிமையே அதன் பலம். கேட்கும் கருவி ஒரு பதிவக எண்ணைச் சொல்லும். மானி அதிலுள்ள மதிப்பைத் திருப்பித் தரும்.

தொல்லைகளும் அந்த எளிமையிலிருந்தே வந்தன. ஒரு பதிவகம் 16 பிட் அளவுடையது. பெரிய எண்ணை இரண்டு பதிவகங்களில் பிரித்து வைக்கும்போது எந்தப் பாதி முதலில் வரவேண்டும் என்பதை நெறிமுறை வரையறுக்கவில்லை. நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி வைத்தன. உள்ளே வருவது கூட்டல் குறியா, கழித்தல் குறியா என்பதிலும் ஒற்றுமை இல்லை. குறி தலைகீழானால், வெளியே அனுப்ப வேண்டிய பேட்டரி உள்ளே இழுக்கும். கட்டணம் ஏறும்வரை வீட்டாருக்கு அது தெரியாமலும் போகலாம். பதிவக வரிசையை ஒழுங்குபடுத்த 2009இல் சன்ஸ்பெக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது.

ஜெர்மனியின் எஸ்எம்ஏ நிறுவனம் வேறு வழியில் சென்றது. அதன் மானி, யாரும் கேட்காமலே அளவுகளை வலையமைப்பில் பல கருவிகளுக்கும் ஒருசேர ஒலிபரப்புகிறது. கம்பியில் இது நன்றாகவே நடக்கும். வைஃபையிலும் சில சுவிட்சுகளிலும் இத்தகைய செய்திகள் தடைபடுவதுண்டு. மானியையும் பேட்டரியையும் கம்பியால் இணைப்பதே மேல் என்று சொல்வதில் பழமைவாதம் எதுவும் இல்லை.

மோட்பஸில் கடவுச்சொல் கிடையாது. ஆலையின் பூட்டிய அறைக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. தொலைக்காட்சியும் விருந்தினரின் கைபேசியும் சேரும் வீட்டு வலையமைப்பில் அது குறைதான். 2018இல் மறையாக்கம் கொண்ட வடிவம் 802ஆம் துறை எண்ணுடன் வந்தது. ஆயினும் பழைய 502 இன்னும் வீடுகளில் பரவலாக உள்ளது.