கிருமி மட்டும்தானா? தோட்டத் தொழிலாளரின் முரசு நோய் பற்றி

முரசு நோயைத் தொற்றாகக் கற்பிக்கும் பாடநூல்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் ஆய்வொன்று நம் நாட்டின் நுவரெலியா மாவட்டத்திலேயே, பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹெரோ தோட்டங்களில் நடந்தது. பற்சுகாதாரம் பயிலும் நம் மாணவர் பலருக்கு அதன் எண்கள் தெரியும்; எவருடைய வாயில் எடுத்த எண்கள் என்பது தெரியாது.

ஆய்வை நடத்திய ஹரால்ட் லோ நோர்வேக்காரர். பல் துலக்குவதை நிறுத்திய 12 பேருக்கும் மூன்று வாரத்துக்குள் முரசு அழன்றதையும், மறுபடி துலக்கியதும் அது தணிந்ததையும் 1965இல் காட்டியவர். பற்படலத்துக் கிருமிகளே காரணம் என்பது அதனால் உறுதியானது. ஆனால், அழற்சி முற்றிப் பல் விழும்வரை என்ன நடக்கிறது? அதை அறிய 1970இல் 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதித்தார். அவர்களுக்குத் தூரிகைப் பழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் எட்டவில்லை. பற்சூத்தை ஏறத்தாழ இல்லாததால், விழுந்த பல்லுக்கு முரசையே காரணம் சொல்ல முடிந்தது. மில்லிமீற்றர் கோடிட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையே இறக்கி, பற்று எவ்வளவு விட்டிருக்கிறது என்று 1985 வரை திரும்பத் திரும்ப அளந்தார்கள்.

எல்லோர் வாயிலும் பற்படலம், பற்காரை, அழற்சி. ஆயினும் 8 விழுக்காட்டினருக்கே முரசு வேகமாகக் கரைந்தது. அவர்கள் 45 வயதளவில் பற்கள் முழுவதையும் இழந்தார்கள். 81 விழுக்காட்டினருக்கு நோய் மெல்ல நகர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறழற்சியைத் தாண்டவேயில்லை. கிருமி இன்றி நோயில்லை. கிருமி மட்டும் நோயின் வேகத்தைத் தீர்மானிப்பதுமில்லை. உடலின் எதிர்வினையும் மரபும் புகையிலையும் அதில் சேர்கின்றன. இந்த 11 விழுக்காட்டைக் காட்டி, துலக்காவிட்டாலும் கேடில்லை என்று வாதிடும் கெட்டிக்காரர் வகுப்புக்கு ஒருவராவது இருப்பார். அந்த 11க்குள் தாம் அடங்குவாரா என்பதை இளவயதிலேயே சொல்லிவிடும் பரிசோதனை எதுவும் இல்லை.

ஒப்பீட்டுக்கு லோ எடுத்தது ஒஸ்லோவின் மாணவரையும் கல்வியாளரையும். 40 வயதை நெருங்கும்போது அங்கே சராசரிப் பற்றிழப்பு 1.5 மில்லிமீற்றர் அளவில் இருக்க, இங்கே 4.5. இந்த இடைவெளியை உடற்கூறின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. ஒஸ்லோவில் சிறுவயதிலிருந்தே ஒழுங்கான பற்சிகிச்சை இருந்தது; லயத்தில் வாழ்ந்தவருக்கோ தோட்டத்து மருந்துசாலைக்கு அப்பால் எதுவும் இல்லை. சிகிச்சையின்றி நோய் தன்போக்கில் போவதைப் பார்க்கும் வாய்ப்பை விஞ்ஞானத்துக்குத் தந்தது தோட்ட முறையின் புறக்கணிப்பே. ஆய்வின் பெறுமதியை இது குறைக்காது. ஆனால் அதை மேற்கோள் காட்டுவோர் இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. மலையில் கொழுந்தெடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள். ஆய்விலோ ஆண்கள் மட்டும். கர்ப்பகால ஹோர்மோன் மாற்றத்தால் அதே பற்படலத்துக்கே முரசு கூடுதலாக வீங்கி இரத்தம் கசியும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நால்வகையும் நாள் முழுதும் வாயில் இருந்தால், புற்றுநோய் அபாயமும் கூடவே வரும். கர்ப்பிணித் தாய்மாருக்குப் பற்பரிசோதனை செய்வது நம் நாட்டின் தாய்சேய் நலத் திட்டத்தில் ஏற்கெனவே உள்ள ஏற்பாடுதான். தோட்டத்துக் கிளினிக்குகளில் அந்தப் பரிசோதனையோடு முரசின் ஆழத்தையும் அளந்து குறித்துவைத்தால், 1970இல் எடுக்காமல் விட்ட எண்களை இப்போதாவது சேர்க்கத் தொடங்கலாம்.