வலியைக் கேட்டறிந்த செவிலி

புற்றுநோய் முற்றிவிட்டது; அறுவையாலும் கதிர்வீச்சாலும் இனிப் பயனில்லை. இந்நிலையில் மருத்துவம் நோயாளிக்குச் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? "ஒன்றுமில்லை" என்பதே 1940-களில் பல மருத்துவர்களின் விடை. அவ்விடையை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு செவிலி.

சிசிலி சாண்டர்ஸ் 1918-இல் இங்கிலாந்தில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி பெற்றார். முதுகுவலியால் அப்பணியைத் தொடர இயலாமல், மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். அப்போது டேவிட் டாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூத அகதியைச் சந்தித்தார். புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த அவரை, உடல் வலியோடு, வாழ்வு வீணாயிற்றே என்ற ஏக்கமும் வாட்டியது. இத்தகையோருக்கென ஓர் இல்லம் வேண்டும் என்ற எண்ணம் அவர்கள் உரையாடலில் அரும்பியது. 1948-இல் இறந்த டாஸ்மா, 500 பவுண்டை சாண்டர்ஸிடம் விட்டுச் சென்றார். அவ்வில்லத்தில் தாம் ஒரு சாளரமாய் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

இறப்போரின் வலியைப் போக்க மருத்துவம் கற்பதே வழி எனக் கண்ட சாண்டர்ஸ், 1957-இல் மருத்துவரானார். அடுத்த ஆண்டு செயின்ட் ஜோசப் இல்லத்தில் ஆய்வைத் தொடங்கினார்.

அக்காலத்தில் வலி தாங்க முடியாதபோதுதான் மார்ஃபின் தரப்பட்டது. நோயாளி அதற்கு அடிமையாகிவிடுவார் என்று மருத்துவர்கள் அஞ்சினர். விளைவு என்ன? மருந்தின் வேகம் தணியும், வலி திரும்பும், நோயாளி செவிலியை அழைத்துக் கெஞ்ச வேண்டும். அடுத்த வலி எப்போது வருமோ என்ற அச்சம் வலியை மேலும் பெருக்கும். வலி தலைதூக்குமுன்பே, குறித்த நேரந்தோறும் மருந்தை வாய்வழியாகக் கொடுக்கும் முறை முன்பே ஒரு சில இல்லங்களில் இருந்தது. சாண்டர்ஸ் அதைச் சீராகக் கடைப்பிடித்து, நோயாளிகள் கூறியவற்றைப் பதிவு செய்தார். வலியோடு அச்சமும் அடங்கியது. நோயாளிகள் தெளிவுடன் உரையாடினர்.

உடலின் நோவு, மனக்கவலை, குடும்பத்தைப் பற்றிய துயரம், வாழ்வின் பொருள் குறித்த ஏக்கம் ஆகிய நான்கும் சேர்ந்ததே வலி என்று அவர் விளக்கினார். இதனை 'முழுமை வலி' எனலாம். மருந்து இதில் ஒரு பகுதியையே தீர்க்கும். எஞ்சியதை அறிய, கட்டிலருகே அமர்ந்து செவிசாய்ப்பவர் வேண்டும். அப்பணியில் பெரும்பங்கு செவிலியருடையது.

1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. டாஸ்மாவின் நினைவாக அங்கு ஒரு சாளரமும் அமைந்தது. இந்தியாவில் இத்தகைய முதல் இல்லமாகிய சாந்தி அவேதனா 1986-இல் பம்பாயில் தோன்றியது. சாண்டர்ஸ் 2005-இல், தாம் நிறுவிய இல்லத்திலேயே, புற்றுநோயால் காலமானார். பிறருக்காக அவர் வகுத்த பராமரிப்பே இறுதி நாட்களில் அவருக்கும் துணை நின்றது.