விருப்பாச்சியில் எட்டு ஆண்டுகள்

வேலு நாச்சியார் என்றதும் நம்மவர்களுக்கு உருவிய வாளும் பாய்ந்து வரும் குதிரையுந்தான் கண்முன் தோன்றும். மேடைக்கும் சிலைக்கும் அது பொருத்தமே. ஆனால் என் மனம் என்னவோ, அவர் போர் செய்த நாட்களைவிட, போர் செய்ய வழியில்லாமல் காத்துக் கிடந்த எட்டு ஆண்டுகளையே சுற்றிச் சுற்றி வருகிறது.

1772-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25-ந் தேதி, ஆர்க்காட்டு நவாபுக்காகக் கும்பினிப் படை காளையார்கோவிலுக்குள் புகுந்தது. சிவகங்கை மன்னர் முத்து வடுகநாதர் அங்கே மாண்டார். கொல்லங்குடியில் தங்கியிருந்த ராணிக்குக் கணவனும் போய், நாடும் போயிற்று. எஞ்சியது மகள் வெள்ளச்சி ஒருத்தி. பிரதானி தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும் அவர்களைத் திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சியில் கொண்டு சேர்த்தார்கள். பாளையக்காரர் கோபால நாயக்கர் ஆதரவு தந்தார்.

அந்த டிசம்பரிலேயே பிரதானி, ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதினார். ஐயாயிரம் குதிரை வீரர்களும் ஐயாயிரம் காலாட்களும் வேண்டும் என்பது விண்ணப்பம். ஹைதர் மனம் இரங்கினாலும், காலம் இரங்க வேண்டுமே! கும்பினியாரோடு அவர் மறுபடி மோதியது 1780-இல்தான். அதுவரை?

அதுவரை பழி உணர்ச்சி அணையாமல் எரிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. வெறும் ஆத்திரம் எட்டு வருஷம் தாங்குகிற சரக்கு அல்ல. எரித்தால் தன்னையே எரித்துவிடும். விதவையான ஒரு பெண்ணை, பிறர் நிழலில் வாழ நேர்ந்த ஒரு ராணியை, காலையில் எழுந்திருக்கச் செய்தது எது?

இங்கே முடிச்சூரில் நான் கண்ட ஒன்று இதற்கு விடை சொல்லக்கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஊர்த் தெருக்களெல்லாம் ஆறாய் ஓடின. அதற்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் ஒரு சிறுமியை அவள் பாட்டி சிலம்பம் பழக அழைத்துப் போனாள். ஆசான் எடுத்த எடுப்பில் கம்பைக் கொடுக்கவில்லை. முதலில் காலடி, மண்ணில் காலை ஊன்றி நிற்கும் பழக்கம். அப்புறந்தான் நெற்றி உயரக் கம்பு, வீச்சு, தடுப்பு. பாட்டி தினமும் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த வருஷத்து மழைக்குள் பெண் தேறிவிட்டாள். கம்பினால் தேறினாளா, பாட்டியினால் தேறினாளா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நாச்சியாருக்குச் சிலம்பமும் வாளும் வளரியும் புதியவையல்ல. ராமநாதபுரம் சேதுபதி தம் ஒரே மகளை ஆண்பிள்ளை போலவே வளர்த்தவர். ஆனால் அரண்மனையில் கற்றது வேறு, அகதியாகப் பழகுவது வேறு. பெண்களைத் திரட்டி ஒரு படை அமைத்து, அதற்கு 'உடையாள்' என்று பெயரிட்டார் என்பது சிவகங்கைச் சீமையின் வழிவழிச் செய்தி. உடையாள் யார்? ராணி போன வழியைக் காட்டிக் கொடுக்க மறுத்து வெட்டுண்டதாகச் சொல்லப்படும் மாடு மேய்க்கும் பெண். கணவன் பெயரை வைத்திருக்கலாம், குலதெய்வத்தின் பெயரை வைத்திருக்கலாம். தமக்காக உயிர் விட்ட ஓர் ஏழைப் பெண்ணின் பெயரையே தினமும் பயிற்சிக் களத்தில் உரக்கச் சொல்லச் செய்தார். துக்கத்தை மறக்க முயன்றவர் செய்கிற காரியமல்ல இது. மகள் வெள்ளச்சியும் அந்த அரவத்தின் நடுவேதான் வளர்ந்திருக்க வேண்டும்.

1780-இல் மைசூர்ப் படை உதவியுடன் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். குயிலி தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மக்கள் அதை மறக்கவில்லை. நாச்சியார் 1796 வரை வாழ்ந்தார்.

வெற்றிக்குப் பின் அவர் செய்ததாக ஒன்றைக் கொல்லங்குடிப் பக்கத்தில் இன்றும் சொல்லுகிறார்கள். உடையாளுக்கு நட்ட வீரக்கல்லின் முன் வந்து நின்றாராம். எட்டு வருஷம் பத்திரப்படுத்தி வைத்திருந்த தம் வைரத் தாலியை எடுத்து, அந்த மாடு மேய்த்த பெண்ணுக்குக் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனாராம்.