பற்றரி தனியாக வாங்கவும்

ரிமோட் கொன்ட்ரோல் நீர்மூழ்கி கிட் ஒன்றைப் பிரித்தால் உள்ளே பெரிய மர்மம் ஒன்றும் இருக்காது. வெளி உடல், தண்ணீர் புகாத ஒரு உருளை, மோட்டர், சுக்கான், பிறகு ஒரு சின்னத் தாங்கி. தாங்கிக்குள் தண்ணீரை எடுத்தால் கப்பல் தாழும், வெளியே தள்ளினால் மேலே வரும். ஆர்க்கிமிடீஸை ஓஎல் விஞ்ஞானத்தில் படித்த எல்லாருக்கும் இது விளங்கும். இப்படியான பெட்டிகளில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: பற்றரி தனியாக வாங்கவும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் வரலாற்றுக்குள் போய்ப் பார்க்கலாம்.

முதலில் ஒரு கேள்வி. எங்க ஊர் பலாபத்வல. சுற்றிவர மலை, மிளகு, கொக்கோ. கடலே இல்லாத இடத்தில் நீர்மூழ்கி எதற்கு? உண்மையைச் சொன்னால் இந்த விளையாட்டுக்குக் கடல்தான் சரிவராது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் ரேடியோ அலையை விழுங்கிவிடும். 27 மெகாஹேர்ட்ஸ் அலை கடல்நீரில் சில சென்ரிமீற்றர் போவதற்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும். நன்னீரில் அதே அலை சில மீற்றர் ஆழம்வரை போகும். இப்போது எல்லா ரிமோட்டிலும் வருகிற 2.4 கிகாஹேர்ட்ஸ் நன்னீரில்கூட சில அங்குலத்தோடு சரி. அதனால்தான் மாதிரி நீர்மூழ்கி செய்கிறவர்கள் இன்னமும் பழைய 27, 40 மெகாஹேர்ட்ஸ் செட்டுகளைத் தேடி வைத்திருக்கிறார்கள். ஆக, குளம் உள்ள ஊர்க்காரர்களுக்குத்தான் இது தோதான விளையாட்டு.

ஆனால் இது விளையாட்டாகத் தொடங்கவில்லை. 1898 இல் நிக்கோலா டெஸ்லா நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவயர் கார்டனில் ஒரு தண்ணீர்த் தொட்டியில் சின்னப் படகொன்றை விட்டு, கம்பி எதுவும் இல்லாமல் அதைத் திருப்பிக் காட்டினார். அந்தப் படகுக்குள்ளும் பற்றரிதான் இருந்தது. அமெரிக்காவும் ஸ்பெயினும் சண்டை பிடித்த வருடம் அது. அதே ஆண்டு நவம்பர் 8 இல் கிடைத்த காப்புரிமையில், இந்தக் கருவியின் மிகப் பெரிய பயன் போரில்தான் என்று டெஸ்லா எழுதினார். அழிவு அவ்வளவு நிச்சயமாகிவிட்டால் நாடுகள் சமாதானமாகிவிடும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு எப்படிப் பிழைத்தது என்று எங்க தலைமுறைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இரண்டாம் உலகப் போரில் இந்தக் கதை எங்க பக்கம் வந்தது. பிரித்தானிய நீர்மூழ்கிகளுக்குத் திருகோணமலை தளமாக இருந்தது. அங்கிருந்து இயங்கிய டாலி ஹோ என்ற நீர்மூழ்கி 1944 ஜனவரி 11 இல் பினாங்குக்குப் பக்கத்தில் குமா என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. கண்டியிலிருந்து மாத்தளை, பலாபத்வல, தம்புள்ளை என்று போகும் பாதைதான் திருகோணமலைக்கும் போகிற பாதை. நாங்கள் தினமும் பஸ் ஏறுகிற வீதியின் ஒரு முனையில் கட்டளையிடும் இடம், மறு முனையில் நீர்மூழ்கித் தளம்.

அடுத்ததாக 1990. தண்ணீருக்குள் இருக்கும் நீர்மூழ்கியோடு பேச வேண்டுமென்றால் மிகத் தாழ்ந்த அலைவரிசை வேண்டும், அதற்குப் பிரமாண்டமான கோபுரங்கள் வேண்டும். இந்தியக் கடற்படை அப்படியொரு நிலையத்தைத் திருநெல்வேலி மாவட்டத்தின் விஜயநாராயணத்தில் கட்டி, 1990 ஒக்டோபரில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்று பெயர் வைத்துத் திறந்தது. வெள்ளைக்காரன் தூக்கிலிட்ட பாளையக்காரரின் பெயர், கடலுக்கடியில் சேதி அனுப்புகிற நிலையத்துக்கு!

அதே 1990 இல் இந்தப் பக்கம் என்ன நடந்தது? ஜூனில் போர் மறுபடி மூண்டது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் சனங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். 2002 இல்தான் தடை பெருமளவு தளர்ந்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அங்கே வளர்ந்த ஒரு பிள்ளைக்கு "பற்றரி தனியாக வாங்கவும்" என்ற வரி எப்படிக் கேட்டிருக்கும்?

கதையின் மற்றப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2000 இல் தாய்லாந்தின் புக்கெட்டில் புலிகளுடையதாகக் கருதப்பட்ட, பாதி கட்டிய நீர்மூழ்கி ஒன்று பிடிபட்டது. 2009 இல் உடையார்கட்டுப் பக்கம் உள்ளூரிலேயே கட்டிய நீர்மூழ்கிகளை இராணுவம் கண்டெடுத்தது. கட்டத் தெரிந்த கைகள் எங்களிடம் இருந்தன, ஆனால் அந்தக் கைகளுக்குக் கிடைத்த வேலை போர். ஒரு பக்கம் பற்றரியையே ஆயுதமாகப் பார்த்தது, மறு பக்கம் திறமையை ஆயுதமாக்கியது. நடுவில் காணாமல் போனது சும்மா செய்து பார்க்கிற சந்தோசம். வேறு நாடுகளில் போர்க்கருவி மெல்ல மெல்லப் பொம்மையாகி, அப்பாவும் பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை குளத்தில் விடுகிற பொருளாகியது. இங்கே அந்தக் கடைசிப் படி நடக்கவே இல்லை.

அது இனி நடக்கலாம். விலையான கிட் தேவையில்லை. பிவிசி குழாய் உடலாகும், பெரிய சிரிஞ் ஒன்று தாங்கியாகும். உடைந்த பழைய ரிமோட் காரின் அடியில் 27 என்றோ 40 என்றோ எழுதியிருந்தால் அதைக் குப்பையில் போடாதீர்கள், தண்ணீருக்குள் போகிற அலை அதில்தான் இருக்கிறது. சிக்னல் அறுந்தால் தாங்கி தானாகவே தண்ணீரை வெளியே தள்ளும்படி அமைத்தால் கப்பல் மேலே வந்துவிடும். பற்றரி மட்டும் தனியாக வாங்க வேண்டும். இப்போது அது எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது, யாரும் எதற்கென்று கேட்பதில்லை. அது சின்ன விசயம் இல்லை.