அனார்கலி பாட்டியான கதை

காந்தி மார்க்கெட் பக்கம் என் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பழைய சினிமா பேசினால், பேச்சு பாகவதரில் தொடங்கி பாகவதரிலேயே முடியும். ஊர்ப் பாசம், தப்பில்லை. ஆனால் அவருக்கும் முன்னால், படம் பேசாத காலத்தில் கொடிகட்டிப் பறந்த சுலோசனாவைக் கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. இந்திப் படங்களில் அம்மா வேடத்தில் வந்த மராத்திக்கார சுலோசனா வேறு. நான் சொல்பவரின் இயற்பெயர் ரூபி மையர்ஸ்.

1907ல் புனேயில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பம்பாயில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவரை மோகன் பவ்னானி நடிக்கக் கூப்பிட்டார். நடிப்பு கௌரவமான தொழில் இல்லை என்று முதலில் மறுத்து, பிறகு சம்மதித்தார். 1926ல் 'டெலிபோன் கேர்ள்', 'டைப்பிஸ்ட் கேர்ள்' என்று படங்கள். அவரோடு நடித்த ராஜா சாண்டோ நமக்கு அந்நியர் இல்லை, பக்கத்துப் புதுக்கோட்டை நாகலிங்கம்தான். 1927ல் 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' படத்தில் சுலோசனாவுக்கு எட்டு வேடம். போலீஸ்காரர், தோட்டக்காரர், அதில் ஒன்று வாழைப்பழ வியாபாரி! நம் வாழைக்காய் மண்டிக்காரர்கள் பார்த்திருந்தால் விசில் அடித்திருப்பார்கள்.

1931ல் படம் பேச ஆரம்பித்தது. அவர் இருந்த இம்பீரியல் கம்பெனிதான் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வை எடுத்தது. கதாநாயகி வாய்ப்பு ஜுபைதாவுக்குப் போயிற்று. சுலோசனாவுக்கு இந்துஸ்தானி சரியாக வராது. அதே கம்பெனி அதே வருஷம் 'காளிதாஸ்' எடுத்தபோது, மேடையில் பாடிப் பழகிய திருவையாறு டி.பி. ராஜலட்சுமி தமிழுக்கு முதல் கதாநாயகி ஆனார். குரல் ஒருவரைத் தூக்கிவிட்டது, மற்றவரை உட்கார வைத்தது.

சுலோசனா அழுதுகொண்டிருக்கவில்லை. நடிப்பை நிறுத்திவிட்டு மொழி கற்றுக்கொண்டார். காரைக்காலில் பிரெஞ்சில் பாடம் படித்துவிட்டு, இங்கே வந்து ஆபீஸ் கோப்பில் ஆங்கிலக் குறிப்பு எழுதத் திணறியவன் நான். வளர்ந்த பிறகு பிழைப்புக்காக ஒரு மொழியை நாக்கில் ஏற்றுவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். 1932ல் தன் மௌனப் படம் 'மாதுரி'யையே பேசும் படமாக்கித் திரும்பினார். மாதச் சம்பளம் 5000 ரூபாய், பம்பாய் கவர்னருக்கே அவ்வளவு இல்லை என்று அந்தக் காலத்தில் பேச்சு. நான் வேலையில் சேர்ந்தபோது என் சம்பளம் முந்நூறைத் தொடவில்லை.

அனார்கலி கதை அவர் வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டே வந்தது. 1928 மௌனப் படத்தில் அனார்கலி அவர்தான், 1935 பேசும் படத்திலும் அவர்தான். 1953ல் சி. ராமச்சந்திராவின் பாட்டுகளோடு மூன்றாவதாக வந்த 'அனார்கலி'யில் பீனா ராய் அனார்கலி, பிரதீப் குமார் சலீம். சுலோசனா சலீமின் தாயார்.

இன்னொன்று. 1947ல் வந்த 'ஜுக்னு'வில் வயதான பேராசிரியர் ஒருவர், தன்னோடு வேலை பார்க்கும் சுலோசனாவிடம் மனதைப் பறிகொடுப்பார். பம்பாய் அரசு அந்தப் படத்தைத் தடை செய்தது. அப்போது உள்துறை மந்திரி மொரார்ஜி தேசாய். வயதானவர்களின் இந்தக் காதலும் தடைக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அப்போது சுலோசனாவுக்கு நாற்பதுதான்! நாற்பதில் ஒரு பெண்ணை ஒருவர் விரும்பினால் ஒழுக்கம் கெட்டுவிடுமாம். எனக்கு இன்றைக்கும் இது ஜீரணமாகவில்லை.

1978ல் பாசு சட்டர்ஜி 'கட்டா மீட்டா' எடுத்தார். புளிப்பும் இனிப்பும் என்று அர்த்தம். மனைவியை இழந்த பார்சிக்காரர் அசோக் குமார், கணவரை இழந்த பேர்ல் பதம்சியைக் கல்யாணம் செய்துகொள்கிறார். இவருக்கு நாலு பையன்கள், அந்த அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். ஒரே வீட்டில் எல்லாரும் முட்டி மோதுவதுதான் வேடிக்கை. நடுவில் மூத்தவர்கள் இருவரும் தனியாக நாலு வார்த்தை பேச இடம் தேடி அலைவார்கள். சிரித்துக்கொண்டே பார்த்தேன், ஆனால் நம் தெருவில் தனியாகிப்போன எத்தனை பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்!

அந்தப் படத்தில்தான் எழுபது வயது சுலோசனா சிறு வேடத்தில் வருகிறார். அவருடைய கடைசிப் படங்களில் ஒன்று. இதற்குள் தாதாசாகேப் பால்கே விருதும் (1973) வாங்கியாயிற்று, இருந்தும் துண்டு வேடம்தான். படம் வந்தபோது நாட்டின் பிரதமர் யார் தெரியுமா? அதே மொரார்ஜி தேசாய். இந்த முறை யாரும் தடை கேட்கவில்லை, குடும்பத்தோடு போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள்.

சுலோசனா 1983 அக்டோபரில் பம்பாயில் காலமானார். 'கட்டா மீட்டா' இணையத்தில் கிடைக்கிறது, பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் போட்டுத் தருவார்கள். அதில் பணக்கார அப்பாவாக வருபவரையும் கவனியுங்கள். அவர் பிரதீப் குமார், 1953ல் சுலோசனாவுக்கு மகனாக நடித்த அதே சலீம்.